மூன்று அறைக்கு ஒரு பெட்டி

பள்ளிமுனை மீன் சங்கத்தில் யாகப்பர் தராசுக்கு முன்னால் இருந்த காலம் முழுவதும், நிறுவையைப் பற்றி எந்த வள்ளக்காரனும் ஒரு வார்த்தை முறைப்பட்டது கிடையாது. சொந்த மைத்துனனின் பாரைமீனுக்கும் முன்பின் தெரியாதவனின் பாரைமீனுக்கும் அவரிடம் ஒரே பார்வைதான். ஒரு கூடை இறங்கியதும் தட்டில் ஒட்டிய ஈரத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்ததை வைக்க விடுவார். வெயிலில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். "அண்ணை, அது மீன் தண்ணியப்பா, தங்கத் தண்ணியில்லை" என்பார்கள். அவர் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்வார்.

ஓய்வுபெற்ற பிறகு அந்தத் தராசு வீட்டுக்கு வந்தது. இரும்புத் தராசு இல்லை, அவருடைய கண். மருமகள் மதுஷிகா தெருப் படலையைப் பூட்டிவிட்டாளா, பேத்தி சுவேதினி செபம் சொன்ன பிறகுதான் சாப்பிட்டாளா, கோயிலில் யார் பிந்தி வந்தார்கள், யார் நற்கருணைக்குப் போகாமல் பின்வரிசை வாங்கிலேயே இருந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. ஊரில் அவரை மதித்தார்கள். கொஞ்சம் பயந்தும் இருந்தார்கள். அந்தப் பயத்தையும் மதிப்பென்றே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

பாலன் பிறந்த நத்தார்க் கிழமையில் அவருடைய மனைவி கிறேஸ் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சத்திரசிகிச்சை முடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சில மாதம் கட்டிலோடுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். கட்டாரில் வேலை செய்யும் மகன் றோய் தொலைபேசியில் அழுதான். "அப்பா, அம்மா நாள் முழுக்க முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறா. அவவின்ர அறைக்கும் ரிவி வாற மாதிரிச் செய்யுங்கோ." வீட்டில் ரிவிகள் இருந்தன. ஹோலில் புதியது, மதுஷிகாவின் அறையில் றோய் வாங்கிக் கொடுத்தது, அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த பழையது. கூரையில் இருந்த டிஷ்தான் உப்புக்காற்றில் துருவேறி ஓட்டை விழுந்துபோயிருந்தது.

தாராபுரத்திலிருந்து பாயிஸ் வந்தான். டிஷ் அன்ரெனா பூட்டுவதில் தீவு முழுக்கப் பெயர் எடுத்தவன். கைவேலையைவிட வாய்வேலை கொஞ்சம் அதிகம். அவன் கூரையில் நின்று குழாயை நிறுத்த, கீழே நின்ற யாகப்பர் தூக்குக்குண்டைப் பிடித்து அது நேராக நிற்கிறதா என்று பார்த்தார். இரண்டு தரம் கழற்றிப் பூட்டச் சொன்னார்.

"அண்ணே, நான் என்ன மினாராவா கட்டுறன்? டிஷ்தானே."

"டிஷ் எண்டாலும் நேராத்தான் நிக்கவேணும். வாடைக் காத்து உன்னைக் கேட்டுக்கொண்டு வராது."

பாயிஸ் நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினான். வயர் பொருந்தும் இடங்களில் உப்பு ஏறாமல் கிறீஸ் பூசி ரேப் சுற்றினான். இறங்கிவந்து, வயர்ச் சுருளை ஹோலின் நடுவில் போட்டுவிட்டு விசயத்துக்கு வந்தான்.

"மூணு அறைக்கும் மூணு டிஷ் பெட்டி வச்சா, ஆளாளுக்கு விருப்பமானதப் பாக்கலாம். ஹோல்ல ஒரு பெட்டிய வச்சு அதுல இருந்து மத்த ரெண்டு அறைக்கும் பிரிச்சு இழுத்தா, நீங்க இங்க எதப் போடுறீங்களோ அதுதான் எல்லா அறையிலயும் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யாகப்பர் யோசிக்கவில்லை. "அதுதானப்பா வேணும். ஒரு வீட்டுக்குள்ள மூண்டு விதமாப் பார்த்தா அது வீடே? லொட்ஜ்."

அறைக்குள் கட்டிலில் கிடந்த கிறேஸின் குரல் வந்தது. "தம்பி பாயிஸ், ஒரு பெட்டி போதும். இந்த வீட்டில சோத்துக்கும் ஒரு பானைதான், கதைக்கிறதுக்கும் ஒரு ஆள்தான்."

பாயிஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, அலுமாரிக்கு மேலே கிடந்த பழைய ரிவியைக் கிறேஸின் அறைக்குள் வைத்து வேலையை முடித்தான். போகும்போது இரண்டு றிமோட்டை யாகப்பரின் கையில் கொடுத்தான். "கறுப்பு, பெட்டிக்கு. சனல் மாத்துறதெல்லாம் அதுல. மத்தது இந்த ரிவிக்கு. சத்தத்தக் கூட்டுறது குறைக்கிறது அந்தந்த அறையில அவங்கவங்க ரிவியில செஞ்சிக்கலாம். அது மட்டும்தான் அவங்கட சுதந்திரம்."

கறுப்பு றிமோட் அன்று யாகப்பரின் சட்டைப் பையில் ஏறியது. பிறகு இறங்கவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் மூன்று அறையிலும் செய்தி ஓடியது. செய்தி முடிந்தால் செய்தியைப் பற்றிய வாதம் ஓடியது. ஞாயிறென்றால் திருப்பலி. பின்னேரத்தில் பெண்கள் பார்க்கும் நாடகம் ஒன்று இருந்தது. மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு பெண் கைப்பெட்டியோடு படலைக்கு வெளியே நிற்பதுதான் அதில் முக்கியமான கட்டம். அவள் வாய் திறக்கும் நேரத்தில் யாகப்பர் சனலை மாற்றுவார். மதுஷிகாவின் அறையிலிருந்து "ச்சா" என்று ஒரு சத்தமும், கிறேஸின் அறையிலிருந்து ஒரு பெருமூச்சும் வரும். "அழுகிற பொம்பிளையளைப் பார்க்கவோ கரண்ட் எரிக்கிறது?" என்று அவர் இரண்டு சுவருக்கும் பொதுவாகச் சொல்வார்.

விபூதிப் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்த யாகப்பர், கோயிலில் சொரூபங்களை மூடுவதைப் போல மூன்று ரிவிக்கும் ஊதாத் துணி போட்டு மூடினார். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்றார். இது வெறும் வீட்டுச் சட்டம் அல்ல. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் சொரூபத்தைக் கிடத்தி ஊர்வலமாகத் தூக்கிச்செல்லும் ஆசந்தியின் முன்தண்டு பல வருடமாக யாகப்பரின் தோளில்தான் ஏறி வந்திருக்கிறது. தூக்குகிறவர்கள் தவக்காலம் முழுவதும் இறைச்சி, குடி, கேளிக்கை எல்லாம் விட்டிருக்கவேண்டும் என்பது அந்தத் தெருக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எழுதி வைத்ததல்ல. ஆனால் மீறினவன் வெள்ளை உடுத்தித் தண்டு பிடிக்க முடியாது.

போன வருடம் ஒருவன் மீறினான். மதுஷிகாவின் தம்பி நிறோஜன், கடலுக்குப் போகும் பெடியன். முதல் தடவையாக ஆசந்திக்குத் தெரிவாகி, தாய் அவனுக்கு வெள்ளை வேட்டி தோய்த்து மடித்து வைத்திருந்தாள். துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடையில் அவன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு நின்றதை யாகப்பர் கண்டார். கண்டதைத் தூக்குகிறவர்களுக்குத் தலைவரான அமிர்தநாயகத்திடம் போய்ச் சொன்னார். உறவென்றும் பார்க்கவில்லை. உண்மையில், உறவென்பதாலேயே சொன்னார். சொந்த மைத்துனனின் மீனை நிறுப்பது போல. பெரிய வியாழனன்று நிறோஜனின் பெயர் எடுபட்டது. மடித்த வேட்டி மடித்தபடி அலுமாரிக்குள் போனது. மதுஷிகா அதைப் பற்றி மாமனாரிடம் ஒரு நாளும் கதைக்கவில்லை.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கியபோது யாகப்பருக்கு வலது முழங்கால் வீங்கியிருந்தது. வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலத்திலும் முழந்தாளிட வேண்டும், அது ஏலாது. மதுஷிகாவும் பிள்ளையும் கோயிலுக்குப் போக, அவர் கிறேஸுக்குத் துணையாக வீட்டில் நின்றார். காற்று வெளியே கம்பிகளை இழுத்து ஊதிக்கொண்டிருந்தது. டிஷ் திரும்பியிருக்குமோ என்று அவருக்கு ஒரு ஐயம் வந்தது. அந்த ஐயம் உண்மையானதுதான். துணியைத் தூக்கி, படம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடுவதென்று நினைத்தார். கிறேஸுக்குக் கேட்கக்கூடாதென்று ரிவியின் சத்தத்தை முற்றாக நிறுத்திவிட்டு, பெட்டியைப் போட்டார்.

படம் வந்தது. படலைக்கு வெளியே அந்தப் பெண் கைப்பெட்டியோடு நின்றாள்.

அவர் அணைக்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற அவளைப் பார்த்துக்கொண்டு அவரும் நின்றார். பிறகு இருந்தார். அவளை உள்ளே எடுப்பார்களோ என்ற கேள்வி ஏன் தன் நெஞ்சில் இப்படி வந்து குந்துகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. சத்தம் இல்லாததால் உதடுகளைப் பார்த்துக் கதையைப் பிடித்தார். முடிந்ததும் துணியைப் போட்டு, அதன் மடிப்பு முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று சரிபார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. ஆனாலும் கோயிலுக்குப் புறப்படும் நேரம் பார்த்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "இண்டைக்கும் ஏலாது பிள்ளை" என்றார். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே.

குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஹோல் கதவைச் சாத்தி, ஊதாத் துணியை மடியில் போட்டுக்கொண்டு அவர் கதிரையில் இருந்தார். அந்தப் பெண் இன்று படலைக் கம்பியைப் பிடித்தாள். முகம் கோணியது. வாயைத் திறந்தாள்.

"நான் என்ன பிழை செய்தேன்?" என்று வீடே அதிரக் கேட்டது.

யாகப்பர் கதிரையோடு துள்ளினார். கையிலிருந்த றிமோட்டைப் பார்த்தார். ரிவியைப் பார்த்தார். சத்தம் நின்றபடிதான் இருந்தது. திரையில் அவள் வாயசைக்க, அழுகை கிறேஸின் அறைக்குள்ளிருந்து வந்தது. வயலின் இசையும் அங்கிருந்தே வந்தது. அப்போதுதான் பாயிஸ் சொன்னது அவருக்கு முழுதாக விளங்கியது. இங்கே போட்டது எல்லா அறையிலும் வரும். தன் சத்தத்தைத்தான் அவர் நிறுத்தி வைத்திருந்தார்.

குசினிக்குள்ளிருந்து மதுஷிகா ஓடிவந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சலென்று அவள் கோயிலுக்குப் போகாமல் நின்றது அவருக்குத் தெரியாது. கையில் மா ஒட்டியிருந்தது. மாமனாரின் முன்னால், அவருடைய மடியிலிருந்த ஊதாத் துணிக்கும் திரைக்கும் நடுவால், தலையைக் குனிந்தபடி ஓடி மாமியின் அறைக்குள் போனாள். சத்தம் பட்டென்று நின்றது. "றிமோட் இடுப்புக்குக் கீழ அம்பிட்டிட்டுது பிள்ளை" என்று கிறேஸ் கிசுகிசுப்பது கேட்டது.

மதுஷிகா திரும்பி அதே வழியால் குசினிக்குப் போனாள். போகும்போதும் அவரைப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம். சிரித்தாவது இருக்கலாம். குளிக்கும் இடத்தில் தெரியாமல் எட்டிப் பார்த்துவிட்டவளைப் போல அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனாளே, அதுதான் யாகப்பரின் காதுமடலைச் சுட்டது. பெட்டியை அணைக்க அவருக்குக் கை வரவில்லை. அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள்.

இருட்டுப்பட்டு, கிறேஸுக்குக் கஞ்சி கொண்டுபோனபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எப்ப தொட்டு?"

"முதல் வெள்ளி தொட்டு. வெளிச்சமாவது தெரியட்டும் எண்டு றிமோட்டைச் சும்மா அமத்திப் பார்த்தன். துணிக்குப் பின்னால படம் அசையுது. ஆண்டவரே, புதுமையாக்கும் எண்டு பயந்துபோனன். பிறகுதானே விளங்கினது, ஹோலுக்குள்ள நீங்கள்." அவள் ஒரு கரண்டி கஞ்சி குடித்தாள். "நல்லாத்தான் இருந்தது. கலியாணம் முடிச்சு இவ்வளவு காலத்தில நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்த நாடகம் இது ஒண்டுதான்."

"மதுஷிகா?"

"ரெண்டாம் கிழமை கோயிலால வெள்ளன வந்தவள், யன்னலால கண்டவள்."

"தம்பிக்காரனுக்குச் சொன்னாளோ?"

கிறேஸ் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். "சொல்லுறவளெண்டால் இவ்வளவுக்கு ஊரே சிரிச்சிருக்கும். எல்லாரும் உங்களைப் போல எண்டு நினைச்சீங்களே?"

மறுநாள் காலை அவர் அமிர்தநாயகத்தின் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வசனம் அடுக்கிக்கொண்டு போனார். நான் தவசு முறிச்சிட்டன். என்ர பேரை எடுங்கோ. இரண்டே வசனம். ஆனால் படலையில் அவரைக் கண்டதுமே அமிர்தநாயகம், "வாங்கோ அண்ணை, முழங்கால் என்ன மாதிரி?" என்று கேட்டார். வாய் தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது. "அதைச் சொல்லத்தான் வந்தனான். இந்த முறை ஏலாது போல கிடக்கு. என்ர இடத்துக்கு நிறோஜனைப் போடுங்கோ."

அமிர்தநாயகம் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தார். "அண்ணை, தண்டிக்கவும் தெரிஞ்ச மனிசன், தூக்கி விடவும் தெரிஞ்ச மனிசன்" என்றார். குருத்து ஞாயிறுப் பூசை முடிந்ததும் அதையே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பின்வரிசை வாங்குகளில் இருந்தவர்கள்கூடத் திரும்பி யாகப்பரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவர் கையிலிருந்த குருத்தோலையைக் கிழித்துக் கிழித்துச் சிலுவை செய்யப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை.

அன்று பின்னேரம் நிறோஜன் வீட்டுக்கு வந்தான். புதுச் சேட்டுப் போட்டிருந்தான். கதிரை நுனியில் இருந்துகொண்டு, கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"மாமா, போன வருசம் உங்களை நான் மனதுக்குள்ள சரியாத் திட்டினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அம்மா வேட்டியைத் திருப்பித் தோய்க்கிறா. நீங்கள் என்னை மறக்கேல்ல எண்டு சொல்லச் சொன்னவ."

மதுஷிகா தேத்தண்ணியோடு வந்து நின்றாள். அறைக்குள் கிறேஸ் இருமவும் இல்லை. கேட்டுக்கொண்டு கிடக்கிறாள் என்பது தெரிந்தது. யாகப்பர் தொண்டையைச் செருமினார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி" என்றார். "அதுதான்."

மதுஷிகா தேத்தண்ணியை அவர் பக்கத்தில் வைத்தாள். மூலையில் கிடந்த சின்ன வாங்கை இழுத்து அவருடைய காலடியில் போட்டாள்.

"காலை நீட்டி வையுங்கோ மாமா" என்றாள். "நோகும்."

அவர் நீட்டி வைத்தார். தம்பி போகும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தார்.

பெரிய வெள்ளியன்று வெயில் சாய்ந்த பிறகு ஆசந்தி தெருவுக்கு வந்தது. கிறேஸைக் கதிரையோடு தூக்கிப் படலையடியில் வைத்திருந்தார்கள். யாகப்பருக்கும் அமிர்தநாயகம் சொல்லி ஒரு கதிரை வந்திருந்தது. "அண்ணை, நீங்கள் முழந்தாளிட வேண்டாம். ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அன்று மணி அடிப்பதில்லை; அதற்குப் பதிலாகத் தட்டும் மரத்தட்டையின் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. வெள்ளை உடுத்தவர்கள் தெரிந்தார்கள். முன்தண்டில், யாகப்பரின் தோள் இருக்கவேண்டிய இடத்தில், நிறோஜனின் தோள் இருந்தது. வியர்வை அவன் கண்ணுக்குள் இறங்கியது; துடைக்கக் கை இல்லை.

தெருவின் இரண்டு பக்கமும் சனம் மணலில் முழந்தாளிட்டது. மதுஷிகா பிள்ளையோடு முழந்தாளிட்டாள். கதிரையில் இருந்தவர்கள் இரண்டே பேர்தான்.

"இஞ்சேருங்கோ" என்றாள் கிறேஸ், முன்னால் பார்த்தபடி, மெல்ல. "முழந்தாளிட ஏலாத ஆள் இந்த வீட்டுக்கு நான் ஒருத்தி போதும்."

யாகப்பர் எழும்பினார். இரண்டு அடி முன்னால் போய், இரண்டு முழங்காலையும் ஒரே நேரத்தில் மணலில் ஊன்றினார். கை ஊன்றவில்லை, பல்லைக் கடிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதைக் கண்டார்கள். தூக்குகிறவர்கள் இளைப்பாறுவதற்காக ஆசந்தி சரியாக அந்தப் படலையடியில் நின்றது. பக்கவாட்டில் வந்த அமிர்தநாயகம் பதறிக் குனிந்தார்.

"அண்ணை, கால்!"

"காலுக்கு ஒண்டுமில்லை. அது எப்பவோ சுகம்." தட்டைச் சத்தம் நின்றிருந்ததால் அவர் குரல் அவர் நினைத்ததைவிடத் தூரம் போனது. "தவசு முறிச்சது நான். வெள்ளிக்கிழமையளில சிலுவைப்பாதைக்கு வராமல் வீட்டில இருந்து நாடகம் பார்த்தனான். போன வருசம் இந்தப் பெடியனில கோள் சொன்ன வாயும் இதுதான்."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. அமிர்தநாயகம் நிமிர்ந்து, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேற்கே பார்த்தார். ஆசந்தி தூக்குகிறவர்கள் பேசக்கூடாது. திரும்பிப் பார்க்கவும் கூடாது. நிறோஜன் நேரே பார்த்தபடி நின்றான். அவனுடைய தாடை மட்டும் ஒரு தரம் இறுகித் தளர்ந்தது. மரத்தட்டை மறுபடியும் ஒலித்தது. ஆசந்தி நகர்ந்தது. யாகப்பர் கடைசி ஆள் போகும் வரைக்கும் மணலிலேயே இருந்தார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த திங்களன்று அவர் பாயிஸைக் கூப்பிட்டார். பெட்டியைக் கழற்றிக் கிறேஸின் அறைக்குள் வைத்துத் தரச் சொன்னார். பாயிஸ் தலையைச் சொறிந்தான். "வைக்கலாம். ஆனா அப்ப அவங்க போடுறதத்தானே ஹோல்ல நீங்களும் பாக்கணும்."

"ஓம். தெரியும்."

தீவில் கதை தாராபுரம் வரைக்கும் போயிருந்தது. ஆனாலும் பாயிஸ் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க வாயைத் திறக்காமல் அவன் வேலை செய்ததிலிருந்தே அவருக்கு அது விளங்கியது. வேலை முடிந்ததும் யாகப்பர் சட்டைப் பையிலிருந்து கறுப்பு றிமோட்டை எடுத்துக் கிறேஸின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

நிறோஜன் அடுத்த கிழமை வந்தான். தமக்கைக்கு ஒரு கோர்வை மீன் கொண்டுவந்திருந்தான். யாகப்பரைக் கண்டு, "சுகமோ மாமா?" என்று கேட்டான்; வேறொன்றும் இல்லை. ஏசியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும். கதிரையை இழுத்துப் போட்டு, "இரு தம்பி" என்றார். அவன் இருக்கவில்லை. வள்ளத்தில் வேலை கிடக்கு என்றான். படலை வரைக்கும் போய், நின்று, திரும்பாமலே, "அடுத்த முறை நீங்கள் அந்தப் பக்கத் தண்டு, நான் இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அது அழைப்பா, குத்தா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்றுவரைக்கும் தெரியாது.

அன்று பின்னேரம் நாடகம் தொடங்கியது. தெருக்கதவு திறந்திருந்தது, சனம் போய்வந்துகொண்டிருந்தது. சிலர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஹோலில் யாகப்பர் கதிரையில் இருந்தார். அந்தப் பெண் இன்னமும் படலைக்கு வெளியேதான் நின்றாள். அவள் அழத் தொடங்கியபோது மூன்று அறையிலிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது. ரிவியின் றிமோட் அவர் கைக்கெட்டும் இடத்தில்தான் கிடந்தது. சத்தத்தை அவர் குறைக்கவில்லை.